கோவையிலிருந்து வூச்சுக்கு ஒரு செமஸ்டர்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்செடுத்தால் பொறியியல், மருத்துவம், நிர்வாகவியல் என்ற மூன்றுக்குள் பேச்சு முடிந்துவிடும். சமூகவியலோ பொருளாதாரமோ வரலாறோ படிக்கும் மாணவரும் ஒரு செமஸ்டருக்கு வெளிநாடு போய் வரலாம் என்பதே பல வீடுகளுக்குப் புதுச் செய்தி. அதிலும் போலந்துக்குப் போய்ச் சமூக அறிவியலோடு போலிஷ் மொழியையும் படிப்பது என்றால், "அது எதுக்கு?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. கொங்கு நாட்டுச் சமூக அறிவியல் மாணவருக்குப் போலந்து மிகப் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மொழிப்பாடம் ஆய்வின் பாதி வேலையாக இருக்க வேண்டும். ஆங்கில வகுப்புகளில் மட்டும் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதானால் விமானச் செலவுகூட வீண்.

இதற்கான முதல் சான்று போலந்தில் இல்லை, காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஆக்ஸ்ஃபோர்டு முனைவர் பட்டத்துக்காகச் செய்த அந்த ஆய்வு, கொங்கு உழவர் சமூகத்தைப் பற்றிய நூலாக 1972இல் வெளிவந்தது. வலங்கை, இடங்கை என்ற பழைய பிரிவினை ஊர்க் கோவில், உறவுமுறை, சடங்கு என்று அன்றாட வாழ்க்கைக்குள் எப்படி ஓடுகிறது என்பதை அந்த நூல் காட்டியது. அதே வட்டாரத்தில் இரவிரவாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை 1965இல் அவர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகளில் அச்சிட்டது. தமிழ் தெரியாத ஒருவரால் இவற்றில் எதையும் செய்திருக்க முடியாது. மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்கெடுக்கலாம். யார் யாரை மாமன் என்று கூப்பிடுகிறார்கள், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரமாட்டார்கள் என்பதை அப்படி எடுக்க முடியாது.

1990களில் பவானியிலும் குமாரபாளையத்திலும் நெசவாளர்களிடையே வேலை செய்த ஹீர்ட் டி நெவ் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு. விசைத்தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். ஆகவே அவர் கொத்தடிமை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எழுதிவிடுவார். டி நெவ் 1999இல் வெளியிட்ட கட்டுரை, ஊரார் ‘பாக்கி’ என்று சொல்லும் அந்தப் பணத்துக்கு இரண்டு முகம் இருப்பதைக் காட்டியது. ஆளைக் கட்டிப்போட முதலாளி கொடுப்பதும் அதுதான். ஆள் கிடைக்காத காலத்தில் தொழிலாளி பேரம் பேசிக் கேட்டு வாங்குவதும் அதுதான். ஆங்கிலத்தில் அச்சடித்த வினாத்தாளுக்கு இரண்டாவது முகம் அகப்படாது. திருப்பூரைப் பற்றிய ஷரத் சாரியின் 2004ஆம் ஆண்டு நூலும் இப்படித்தான். உழவுப் பின்னணியில் இருந்து வந்த கவுண்டர்கள் பனியன் கம்பெனி முதலாளிகளான கதையை, தங்கள் உழைப்பைப் பற்றி அவர்களே சொன்ன சொற்களிலிருந்து அந்த நூல் கட்டியெழுப்புகிறது. நம் வட்டாரத்தைப் பற்றி உலகம் மதிக்கும் சமூக அறிவியல் நூல்கள் எல்லாம் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் எழுதியவை. அதே மரியாதையை நாம் இன்னொரு சமூகத்துக்குக் கொடுக்க வேண்டாமா?

போலந்துக்காரர்கள் நம்மிடம் இந்தக் கடமையை எப்போதோ தொடங்கிவிட்டார்கள். உமாதேவி என்ற பெயரில் இந்தியாவில் வாழ்ந்த வாண்டா தினோவ்ஸ்கா 1958இல் திருக்குறளைப் போலிஷில் தந்தார். 1977இல் போஹ்தான் கெம்பார்ஸ்கியின் மொழிபெயர்ப்பு வந்தது. வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்பட்டு வருகிறது. இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை அங்கே வருகைதரு பேராசிரியராக இருந்தார், பேராசிரியர் தி. சு. நடராசனும் அங்கே பணியாற்றியவர். இந்திரா பார்த்தசாரதியின் ‘ஏசுவின் தோழர்கள்’ நாவல் போலந்தைக் களமாகக் கொண்டது. இந்தப் போக்குவரத்து பெரும்பாலும் இலக்கியத்தோடு நின்றுவிட்டது. போலந்துச் சமூக அறிவியல் தமிழுக்கு வந்து சேரவில்லை. பெரிய இழப்பு அது, ஏனென்றால் நமக்கு மிகவும் தேவையான ஒரு முறையை இருபதாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த நாடு அது.

ஃப்ளோரியன் ஸ்நானியெட்ஸ்கி என்ற போலந்துச் சமூகவியலாளர், அமெரிக்கரான வில்லியம் தாமஸுடன் சேர்ந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த போலந்து உழவர்களைப் பற்றி 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். ஊரில் இருந்தவர்களும் கடல் கடந்து போனவர்களும் ஒருவருக்கொருவர் எழுதிய நூற்றுக்கணக்கான குடும்பக் கடிதங்களும், விளாடெக் என்ற ரொட்டிக்கடைத் தொழிலாளி எழுதிய தன்வரலாறும்தான் அதன் மூலப்பொருள். நாடு திரும்பிய ஸ்நானியெட்ஸ்கி போஸ்னான் நகரில் சமூகவியல் நிறுவனத்தை அமைத்து, 1921இல் தொழிலாளர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டி அறிவித்தார். அதில் கலந்துகொண்ட யாகுப் வொய்ச்செஹோஃப்ஸ்கி என்ற தொழிலாளியின் கையெழுத்துப் படி 1930இல் நூலாகி, போலிஷ் உரைநடையின் அரிய படைப்பு என்று கொண்டாடப்பட்டது. வார்சாவில் லுத்விக் க்ஷிவிட்ஸ்கி நடத்திய சமூகப் பொருளாதார நிறுவனம் இதே வழியில் வேலையில்லாதவர்களின் நினைவுக் குறிப்புகளை 1933இலும் உழவர்களின் நினைவுக் குறிப்புகளை 1935, 1936இலும் வெளியிட்டது. பெருமந்தத்தின் நடுவில், கடன்பட்டு நிலம் துண்டாகிப்போன குடியானவர்கள், பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்திராத கையெழுத்தில், உப்பும் தீக்குச்சியும் வாங்கப் பட்ட பாட்டை எழுதி அனுப்பினார்கள். யூசெஃப் ஹவஷின்ஸ்கி கிராமத்து இளைஞர்களிடமிருந்து வந்த 1,500க்கும் மேற்பட்ட தன்வரலாறுகளை வைத்து 1938இல் நான்கு தொகுதிகள் எழுதினார். புள்ளிவிவரம் சொல்ல முடியாததை மக்களே எழுதட்டும், ஆய்வாளர் படித்து வகைப்படுத்தட்டும் என்ற துணிவு இந்த மரபின் உயிர். இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி இன்றும் போலிஷில்தான் படிக்கக் கிடைக்கிறது.

போருக்குப் பிறகு ஹவஷின்ஸ்கி போய்ச் சேர்ந்த ஊர்தான் நம் மாணவர் போக வேண்டிய ஊர் என்று நினைக்கிறேன். அதன் பெயரை வூச் என்று சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து லோட்ஸ் என்று படிப்பவர்கள் அதிகம். 1820இல் ஆயிரம் பேர்கூட இல்லாத இடம் அது. பருத்தி ஆலைகள் வந்ததால் முதல் உலகப் போருக்குள் சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் நகரமாக ஊதிப் பெருத்தது. கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பதுபோல அதைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள். பட்டப்பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு ஊரையும் ஒப்பிட்டுவிட முடியாது. ஒப்பிட வைக்கும் காரணம் இரண்டு ஊர்களின் வரலாற்றுக்குள் இருக்கிறது. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் தொடங்கிய ஆலையும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் பக்கம் அடுத்தடுத்து எழுந்த ஆலைகளும் ஒரு தொழிலாளர் வர்க்கத்தையே உருவாக்கின. சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. வூச்சுக்கும் அப்படி நாட்கள் உண்டு. 1970 டிசம்பரில் உணவு விலை ஏற்றப்பட்டது. பால்டிக் கடலோரக் கப்பல் கட்டும் தளங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தும் அரசு விலையைக் குறைக்கவில்லை. 1971 பிப்ரவரியில் வூச் நகரத்து நூற்பாலை, நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். பிரதமர் யாரோஷெவிச்சே நேரில் வந்து அவர்களிடம் பேச வேண்டியதாயிற்று; சில நாட்களில் விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது.

1989இல் ஆட்சி மாறியதும் சோவியத் சந்தை போயிற்று, அரசுடைமை ஆலைகள் சரிந்தன. 1980களின் இறுதியில் சுமார் எட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை இப்போது ஏழு லட்சத்துக்கும் கீழ். இஸ்ரேல் போஸ்னான்ஸ்கி கட்டிய செங்கல் ஆலை வளாகம் 2006இல் மனுஃபக்தூரா என்ற வணிக வளாகமாகத் திறக்கப்பட்டது. லுத்விக் கேயரின் வெள்ளை ஆலை துணித்தொழில் அருங்காட்சியகமாக நிற்கிறது. வூச் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் இந்த வீழ்ச்சியைக் கண்முன்னே வைத்துப் படித்தார்கள். வியெலிஸ்வாவா வஷிவோடா-க்ருஷின்ஸ்காவும் அவருடைய குழுவினரும், பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் வறுமை எப்படித் திட்டுத் திட்டாகத் தேங்குகிறது, பிள்ளைகளுக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதை 1990கள் முதல் ஆராய்ந்தார்கள். மார்த்தா மதேய்ஸ்காவின் 2018ஆம் ஆண்டு நூல் ஆலைப் பெண்களின் வரலாற்றை முழுதாக எடுத்துப் பேசியது. நம் பக்கம் பாருங்கள். தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, பழையபடி ஓடவே இல்லை. அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் என்ன ஆயின, பிள்ளைகள் எந்த வேலைக்குப் போனார்கள், பென்ஷனை நம்பி வாங்கிய வீட்டுக்கடன் என்னவாயிற்று என்று கேட்கும் ஆய்வை நாம் இப்போதுதான் தொடங்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதே கேள்விகளைக் கேட்டுச் சரியாகவும் தவறாகவும் பதில் எழுதிய நகரம் ஒன்று இருக்கும்போது, அங்கே போய்ப் படிக்காமல் இருப்பது பிழை.

முதல் மறுப்பு இங்கேயே எழும். போலந்துப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்துகின்றன. அயல்நாட்டு மாணவர்களுக்கென்று தனிப் பட்டியலே இருக்கிறது. பிறகு மொழி எதற்கு? ஆங்கிலத்தில் அங்கே கற்பிக்கப்படும் கோட்பாடுகளும் பாடநூல்களும் பெரும்பாலும் உலகம் முழுவதும் புழங்குபவை. அவற்றைப் பாரதியார் பல்கலைக்கழக நூலகத்திலோ பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரி வகுப்பறையிலோ படித்துவிடலாம். வூச்சுக்குப் போனால் மட்டுமே கிடைப்பது வேறு: அருங்காட்சியகத்தில் தறிக்குப் பக்கத்தில் தொங்கும் வேலைநேரப் பலகை, நகராட்சி ஆவணக் காப்பகத்தில் உள்ள தொழிற்சங்க மனு, ஓய்வுபெற்ற நூற்பாலைப் பெண்மணி அடுக்குமாடி வாசலில் நின்று சொல்வது. இவை எல்லாம் போலிஷில் இருக்கின்றன. ஆங்கிலத்தோடு நின்றுவிடும் மாணவர் பிற அயல்நாட்டு மாணவர்களோடு ஒரே விடுதியில் இருந்து, அவர்களோடு மட்டுமே பேசி, அந்த நாட்டைப் பார்க்காமலே திரும்புகிறார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் கோவையின் ஐந்து நட்சத்திர விடுதியில் தங்கிக் கொங்குச் சமூகத்தை எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இரண்டாவது மறுப்பு கனமானது. ஒரு செமஸ்டரில் என்ன மொழி கற்றுவிட முடியும்? நாலைந்து மாதம் மும்முரமாகப் படித்தாலும் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் முதல் படியைக் கடந்து இரண்டாம் படியில் கால் வைக்கலாம், அவ்வளவுதான். அந்த அளவில் ஹவஷின்ஸ்கியின் நான்கு தொகுதிகளைப் படிக்க இயலாது. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த இரண்டாம் படி செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆவணத்தின் தலைப்பைப் படித்து எது தனக்கு வேண்டியது என்று பிரிக்கலாம். மொழிபெயர்ப்பை மூலத்தோடு வைத்துப் பார்த்து எங்கே சந்தேகம் கொள்ள வேண்டும் என்று அறியலாம். நேர்காணலில் உதவிக்கு வந்தவர் மூன்று நிமிடப் பேச்சை ஒரே வரியில் சுருக்கும்போது, "இன்னும் ஏதோ சொன்னார்களே" என்று நிறுத்திக் கேட்கலாம். தமிழ் மாணவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. போலிஷில் வேற்றுமை ஏழு, நமக்கு எட்டு. பெயர்ச்சொல்லின் ஈறு மாறுவது ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்குத் தலைவலி. வார்சா, வார்சாவில், வார்சாவுக்கு என்று பேசிப் பழகியவருக்கு அதன் தத்துவம் புதிதல்ல. வினைச்சொல்லின் ஈற்றிலேயே தன்மை, முன்னிலை, படர்க்கை தெரிந்துவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்பதை விட்டுவிட்டுப் பேசுவது இரண்டு மொழிக்கும் இயல்பு. புதியவரையும் பெரியவரையும் மரியாதைச் சொல் இல்லாமல் அழைக்கக்கூடாது என்பதும் அப்படியே. மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் உச்சரிப்பும், முடிந்த செயலுக்கும் முடியாத செயலுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கும் வழக்கமும் கடினம்தான். ஆகவே போலிஷைத் தமிழ் வழியாகக் கற்பிக்கும் ஒரு சிறு பாடநூல் வேண்டும். வார்சாவின் தமிழறிஞர்களும் இங்குள்ள மொழியியல் துறைகளும் சேர்ந்தால் ஆகக்கூடிய வேலை அது.

மொழி கற்க நேரம் செலவிடுவதானால் ஜெர்மன் படிக்கலாமே என்பார்கள். கோவையில் கோதே மையம் இருக்கிறது, செவிலியருக்கும் பொறியாளருக்கும் ஜெர்மனியில் வேலை இருக்கிறது. வேலைதான் நோக்கம் என்றால் ஜெர்மனே சரி, அதில் எனக்கு வாதமில்லை. சமூக அறிவியல் மாணவர் தேட வேண்டியது தன் கேள்விக்குப் பதில் இருக்கும் இடத்தை. வேறொருவர் நதிநீர்ப் பங்கீட்டை ஆராய்ந்தால் அவருக்குரிய ஊரும் மொழியும் வேறாக இருக்கும். ஆலை மூடலையும் தொழிலாளர் தன்வரலாற்றையும் எடுத்துக்கொள்பவருக்குப் போலிஷ் போல உதவும் மொழி அதிகமில்லை.

பணம் பற்றிய மறுப்பைத்தான் எளிதில் கடக்க முடியவில்லை. கொங்கு வட்டாரத்தில் கலைக் கல்லூரிகளில் சமூக அறிவியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் விசைத்தறி, பனியன், கூலி விவசாயக் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அவர்களை விட்டுவிட்டு வசதியுள்ளவர் மட்டும் போய்வரும் ஏற்பாட்டை நான் ஆதரிக்கமாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்தில் இந்தியக் கல்லூரிகளும் சேரலாம். அதன்படி போகும் மாணவரிடம் அங்குள்ள பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்காது. பயணத்துக்கும் மாதச் செலவுக்கும் நல்கை உண்டு. ஆனால் தனி மாணவர் விண்ணப்பிக்க முடியாது. இரண்டு கல்வி நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆக, கதவைத் திறக்கும் பொறுப்பு நம் கல்லூரிகளின் நிர்வாகத்திடம் இருக்கிறது. நம் அரசுகளும் தங்கள் பங்கை யோசிக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க உதவும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையின் 2022ஆம் ஆண்டு விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை விலக்கின. தன் சொந்தச் சமூகத்தை இன்னொரு நாட்டோடு ஒப்பிட்டு ஆராய்வது உதவிக்குத் தகுதியற்றது என்று சொல்லும் விதி அது. கோவை ஆலைத் தொழிலாளரின் மகளை வூச் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பும் யோசனைக்கு நேர் எதிரான மனப்பான்மை.

நடைமுறைச் சிக்கல்களில் பெரியது நாட்காட்டி. போலந்தில் கல்வியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கும். முதல் செமஸ்டர் பிப்ரவரி வரை, இரண்டாவது ஜூன் இறுதி வரை. நம் கல்லூரிகளில் ஜூன் முதல் நவம்பர், டிசம்பர் முதல் ஏப்ரல். எந்தப் பாதியை எடுத்தாலும் இங்கே ஒரு தேர்வு இடறும். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த கல்வி மதிப்பெண் வங்கியும், 2022இல் வெளியிட்ட வெளிநாட்டுக் கூட்டுப்படிப்பு விதிகளும் இந்த முடிச்சை அவிழ்க்க இடம் தருகின்றன. பாடக்குழுக்கள் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 மதிப்பெண் அலகுகள். அதில் 12ஐப் போலிஷுக்கும், 12ஐ இரண்டு சமூகவியல் பாடங்களுக்கும், மீதி 6ஐ அங்கே திரட்டியதை வைத்துத் தமிழில் எழுதும் ஆய்வறிக்கைக்கும் ஒதுக்குவது என் பரிந்துரை. கடைசி ஆறு அலகில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் இரண்டு பல்கலைக்கழகக் கோப்புகளில் தூங்கும். தமிழில் எழுதப்பட்டால் சிங்காநல்லூரில் ஒரு தொழிற்சங்க வாசகசாலையில் படிக்கப்படும். போலிஷ் மொழியைப் பொறுத்தவரை, 1952 முதல் அயல்நாட்டாருக்குப் போலிஷ் கற்பிக்கும் மையம் வூச்சிலேயே இருக்கிறது. கற்பிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே குறைவில்லை.

ஒப்பந்தங்கள் கையெழுத்தாகக் காலம் பிடிக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலை ஒன்று இங்கே இருக்கிறது. கோவை ஆலைகளில் 1960களிலும் 70களிலும் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. கோவை அய்யாமுத்து போன்ற பொதுவாழ்வுத் தலைவர்களின் தன்வரலாறு நம்மிடம் இருக்கிறது. ரிங் ஃப்ரேமில் முப்பது ஆண்டு நூல் பிணைத்தவரின் தன்வரலாறு அரிது. ஸ்நானியெட்ஸ்கி 1921இல் செய்ததைப்போல, கோவையின் சமூகவியல், சமூகப்பணித் துறைகள் ஆலைத் தொழிலாளர்களுக்கும் விசைத்தறிக்காரர்களுக்கும் பனியன் கம்பெனிப் பெண்களுக்கும் தமிழில் ஒரு தன்வரலாற்றுப் போட்டியை இந்தக் கல்வியாண்டிலேயே அறிவிக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். எழுத முடியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். வூச்சுக்குப் போகும் முதல் மாணவர் அந்தக் கையெழுத்துப் படிகளில் சிலவற்றைப் படித்துவிட்டுப் புறப்படட்டும்.